பம்பாய்ப் பள்ளிகளில் ஆராய்ந்தறியும் சமூகக் கல்வி: உபாத்தியாயர்க்குக் கிடைத்த துணையின் சரித்திரம்

சரித்திரம், பூகோளம், குடிமைநெறி ஆகியவற்றை மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, மாணவனே வினா எழுப்பி, சான்று தேடி, தான் கண்ட முடிவைத் தானே சீர்தூக்கிப் பார்க்கும்படி கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கை நம் தேசத்தின் கல்வி அறிக்கைகளுக்குப் புதியதன்று. அக்கொள்கை அறிக்கையினின்று வகுப்பறைக்குள் நுழைந்த இடங்கள் எவை, நுழைந்தபின் நிலைத்ததற்கும் நிலையாதொழிந்ததற்கும் காரணம் யாது என்பதே இங்கு ஆராயும் பொருள். தமிழ்க் குழந்தைகள் பலர் பயிலும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளை மனத்திற்கொண்டு நோக்குமிடத்து, பாடப்புத்தகத்தினும் உபாத்தியாயருக்கு இடையறாது கிடைத்த துணையே அம்முறையின் ஆயுளை நிர்ணயித்தது என்பது என் துணிபு.

சிந்தனை என்பது ஐயத்தில் தொடங்கி ஆராய்ச்சியில் முதிர்வது என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-இல் வெளியிட்ட நூலொன்றில் விளக்கினார். 1913 முதல் 1916 வரை கொலம்பியா சர்வகலாசாலையில் பயின்ற அம்பேத்கர் அவருடைய மாணாக்கர். பின்னாளில் அம்பேத்கர் கட்டிய ராஜகிருகம் மாட்டுங்காவை அடுத்த தாதர் ஹிந்து காலனியிலேயே உள்ளது. எனினும், அத்தத்துவம் அவ்வீட்டின் அண்டையிலிருந்த பள்ளிகளை எட்ட வெகுகாலம் பிடித்தது. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையொட்டி ஜாகீர் ஹுசேன் குழு வகுத்த ஆதாரக் கல்விப் பாடத்திட்டத்தில் சமூக பாடம் ஒரே பாடமாக இடம்பெற்றது. சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷனும் 1953-இல் அளித்த அறிக்கையில் அதனை மையப் பாடங்களுள் ஒன்றாக்கி, செயல்வழிக் கற்பித்தலைப் பரிந்துரைத்தது. பரிந்துரை சிறந்ததே, ஆயின் நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு முன் தனியே நிற்கும் உபாத்தியாயர் நாளைக் காலையில் எவ்வினாவைக் கேட்பது, எதிர்பாராத விடை வந்தால் என் செய்வது என்பதற்கு வழிகாட்ட ஒருவரும் இல்லை.

அவ்வழியை முதலில் காட்டியது விஞ்ஞானக் கல்வி. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதியும் ரசூலியா நண்பர்கள் கிராமிய மையமும் தொடங்கிய திட்டத்துக்குப் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளும் டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் துணை நின்றனர். உபாத்தியாயர்கள் மாதந்தோறும் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசினர். பயிற்சி முடிந்த பின்னரும் வகுப்புக்கே வந்து உடனிருந்து உதவுவோர் இருந்தனர். 1982-இல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் இவ்வேற்பாட்டை ஏற்று நடத்தியதோடு, சமூக பாடத்துக்கும் புதிய நூல்களை இயற்றி, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் பரீட்சையையும் சில அரசாங்கப் பள்ளிகளில் புகுத்தியது. 2002-இல் மாநில அரசு இவற்றை நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் உத்தரவினால் பள்ளிகளினின்று அகற்றப்பட்டதை எண்ணுந்தோறும் நெஞ்சு பொறுப்பதில்லை.

பம்பாயில் நிகழ்ந்தது நம் விசாரணைக்கு இன்னும் நெருங்கியது. 1990-இல் உருவான ஆவேஹி-அபாகஸ் திட்டம் ‘சங்கதி’ என்னும் பெயரில் ஆறு தொகுதிகளை அமைத்து, மாநகராட்சிப் பள்ளிகளின் ஐந்து முதல் ஏழு வரையிலான வகுப்புகளுக்குக் கொண்டு சென்றது. தன் உடல், தன் தேவை என்பவற்றில் தொடங்கி, பூமி, சமுதாயங்கள் வளர்ந்த வரலாறு, இன்றைய வாழ்க்கை முறை, மாறுதல் என விரிந்து, எதிர்காலத்துக்கு ஆயத்தமாதலில் முடியும் அவ்வரிசையில், படங்களும் கதைகளும் விவாதத்துக்குரிய வினாக்களும் அடங்கியிருந்தன. தனியாசிரியர்களை வெளியிலிருந்து அனுப்பாமல், மாநகராட்சி உபாத்தியாயரையே பயிற்றி அவர் கையில் சாதனங்களை ஒப்படைத்தது இத்திட்டத்தின் விசேஷம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கென ‘மந்தன்’ என்ற தொகுதியும் பின்னர் உருவாயிற்று. 2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், மறு ஆண்டில் செம்பூரை அடுத்த தேவனாரில் டாடா சமூக விஞ்ஞான நிலையம் தொடங்கிய ஆரம்பக் கல்வி முதுகலைப் படிப்பும் இந்த நோக்கத்துக்கு வலுவூட்டின.

விஞ்ஞானத்துக்கும் சமூக பாடத்துக்கும் இடையே உள்ள ஒரு வேற்றுமையைக் கல்வி அறிஞர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை எனக் கருதுகிறேன். காந்தம் இரும்பை ஏன் இழுக்கிறது என்று கேட்கும் குழந்தையால் எவருக்கும் மனக்கசப்பு நேராது. தாராவிக் குழந்தை, ‘திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா இங்கே வந்தது ஏன்? தோல் பதனிடும் தொழில் சில ஜாதியார்க்கே உரியதானது எப்படி?’ என்று கேட்குமாயின், அவ்வினா சாதியையும் வறுமையையும் தொட்டு, வகுப்பில் உள்ள பிள்ளைகளின் வீட்டு வாயில்வரை செல்லும். கோளி மீனவர்களின் பழங்குடியிருப்பு, 1737-இல் எழுந்த காலா கில்லாக் கோட்டை, சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடா, பாந்திராவினின்று 1971-இல் தேவனாருக்குப் பெயர்ந்த இறைச்சிக்கூடம் ஆகியன யாவும் கால்நடையாகவே சென்று ஆராயத்தக்க சான்றுகள். தாராவிப் புனர்நிர்மாணத் திட்டத்துக்காக 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியபின், ‘எவர் இங்கே தங்குவர், எவர் வெளியேற்றப்படுவர்?’ என்ற கேள்வியும் பிள்ளைகள் கேட்கக்கூடிய சரித்திர வினாவாகிவிட்டது. இத்தகைய வினாவை ஏற்றுக்கொள்ள அஞ்சும் உபாத்தியாயரைக் குறைகூறுதல் நியாயமன்று; பெற்றோரின் வருத்தமும் மேலதிகாரியின் அதிருப்தியும் நேருமிடத்து அவருக்குப் பக்கபலமாக நிற்பார் ஒருவருமிலர்.

மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் கற்பிக்கின்றன. சிறுபான்மை மொழிவழிப் பள்ளியின் உபாத்தியாயருக்கோ, அருகிலேயே அதே மொழியில் அதே வகுப்பைக் கற்பிக்கும் தோழர் வாய்ப்பது அரிது. ஆகையால், தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பள்ளிகளின் தமிழ் உபாத்தியாயர்கள் மாதம் ஒருமுறை கூடி, தாம் நடத்திய ஒரு பாடத்தையும் பிள்ளைகள் எழுப்பிய வினாக்களையும் ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்கும் சபையொன்று, ஹோஷங்காபாதில் நடந்ததுபோல, இங்கும் வேண்டும். அதற்குரிய நாள் விடுமுறையினின்று பறிக்கப்படாமல் வேலை நேரத்திலேயே ஒதுக்கப்படவேண்டும். ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் உபாத்தியாயரை அழைத்துக்கொள்ள 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அவற்றுக்கு நாள் காணும் அதிகாரிகள், மாதத்தில் ஒரு பிற்பகலை இதற்கும் காண முடியும்.