பாற்பேணியும் முற்றுகையும்

பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களைப் பற்றி எமது ஆசிரியர் அறைகளிலே இருவகைப் பேச்சுக்களே கேட்கின்றன. ஒருசாரார் அவற்றை அன்பின் ஆலயங்களாகப் போற்றுவர். மறுசாரார் ஏகாதிபத்தியத்தின் புறவாசல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். இரண்டாவது கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்நிறுவனங்கள் தோன்றிய வரலாற்றைச் சற்று நெருங்கி நோக்குவோமாயின், இவ்விரு கூற்றுக்களுக்கும் அடங்காத செய்தியொன்று புலப்படும். அவற்றுள் முதன்மையானவை சில, தத்தம் அரசாங்கங்களை எதிர்த்தெழுந்த இயக்கங்களின் வயிற்றிலே பிறந்தவை. பசித்தவனுக்கு உணவு கொடுப்பதும், பசியை உண்டாக்கியவன் பெயரைச் சொல்வதும் அங்கே ஒரே காரியமாக இருந்தன. அது எவ்வாறு இரண்டாகப் பிரிந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது.

1918 நவம்பர் 11ஆம் திகதி முதலாம் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் ஜேர்மனியையும் ஓஸ்திரியாவையும் சுற்றி நேசநாடுகள் இட்டிருந்த கடல் முற்றுகை ஓயவில்லை. தோற்ற நாடுகள் சமாதான உடன்படிக்கையிலே கையொப்பமிடும்வரை உணவையே பிடியாக வைத்திருப்பது வென்றவர்களின் தந்திரம். 1919 மார்ச்சு மாதத்தின்பின் உணவு ஓரளவு அனுமதிக்கப்பட்டதாயினும், முற்றுகை முற்றாக நீங்கியது யூலை மாதத்திலேதான். போர் முடிந்தபின் கழிந்த இந்த எட்டு மாதங்களிலே வியன்னா நகரத்துக் குழந்தைகள் எலும்பு வளைந்து, நடக்கமாட்டாது கிடந்தனர்.

இக்கொடுமையை எதிர்த்து 1919ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இலண்டனிற் பஞ்ச எதிர்ப்புச் சபை என்றோர் அமைப்பு உருவாயிற்று. அதன் உறுப்பினருள் எக்லன்டைன் ஜெப், டொரதி பக்ஸ்ரன் என்ற சகோதரிகள் இருவர் இருந்தனர். எக்லன்டைன் ஒக்ஸ்போர்டிலே வரலாறு பயின்றவர். சிறிது காலம் ஆரம்பப் பாடசாலையிலே கற்பித்துப் பார்த்து, அத்தொழில் தமக்கு ஒத்துவராதென்று விட்டவர். (கற்பித்தலை விட்டவர்களெல்லாம் இத்தகைய காரியத்திலே இறங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.) அவ்வாண்டு ஏப்ரலில், பட்டினியால் உருக்குலைந்த ஓஸ்திரியக் குழந்தையொன்றின் படம் தாங்கிய துண்டுப்பிரசுரத்தை அவர் டிரபால்கர் சதுக்கத்திலே விநியோகித்தார். இந்நிலைக்குப் பிரித்தானியாவின் முற்றுகையே காரணம் என்பது அதன் செய்தி. தணிக்கை அதிகாரியின் அனுமதியின்றி அச்சிட்டமைக்காக அவர் நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அவசரகாலச் சட்டத்தின் நிழலிலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

வழக்கிலே தமக்காகத் தாமே வாதாடிய ஜெப், சட்ட நுணுக்கங்களை விட்டு, செய்த காரியத்தின் அறத்தைப் பற்றியே பேசினார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு ஐந்து பவுண் தண்டம் விதித்தது. வழக்கு முடிந்ததும், அரச தரப்பில் அவருக்கு எதிராக வாதாடிய ஆர்ச்சிபால்ட் பொட்கின் தம் பணத்திலிருந்து ஐந்து பவுண் எடுத்து அவரிடம் கொடுத்தார். இந்நிகழ்ச்சியை அந்நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர் மனித நேயத்தின் வெற்றியாகக் கூறிவருகின்றனர். எனக்கு அதிலே வேறொன்றும் தெரிகின்றது. அரசு, பிரசுரத்தைத் தண்டித்தது. அரசின் வழக்கறிஞர், கொடையை வழங்கினார். பேச்சுக்குத் தண்டமும் ஈகைக்குப் பாராட்டும் என்ற ஏற்பாடு அன்றே அந்த மண்டபத்திலே தொடங்கிவிட்டது எனலாம்.

1919 மே 19ஆம் திகதி இலண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்திலே நடந்த பெருங்கூட்டத்திற் சிறுவர் பாதுகாப்பு நிதியம் தொடங்கப்பட்டது. டொரதி தகரப் பாற்பேணி ஒன்றை உயர்த்திக் காட்டி உரையாற்றினார். பகைவர் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது தேசத்துரோகம் என்று கருதப்பட்ட காலத்திலே அது துணிவான செயல். ஆனால் நிதியம் வளர வளர, சகோதரிகளின் பாதைகள் வேறாயின. டொரதி அரசியற் கண்டனப் பணியையே தமதாக்கிக்கொண்டார். எக்லன்டைன், குழந்தைக்குக் கட்சியில்லை என்ற கொள்கையை முன்வைத்து நிதியத்தை எல்லோருக்கும் பொதுவாக்கினார். பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ற் ஆதரவு நல்கினார். 1920 சனவரியிலே பல நாட்டு நிதியங்களை இணைக்கும் ஒன்றியம் ஜெனீவாவில் நிறுவப்பட்டது. சர்வதேசத் தொண்டமைப்புக்களிடையே ஒருங்கிணைப்பு என்று இன்று பேசப்படுவதன் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

இக்கொள்கையின் பெறுபேற்றை மறுப்பது நேர்மையன்று. 1921இல் வொல்கா ஆற்றுப் பிரதேசத்தைப் பெரும்பஞ்சம் பீடித்தபோது, போல்ஷெவிக்குகளின் நாட்டுக்கு உதவலாகாதென்று பிரித்தானியாவிலே கூக்குரல் எழுந்தது. அக்கூக்குரலையும் மீறி நிதியம் சராத்தொவ் பகுதியிலே இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு உணவளித்தது. அமெரிக்க நிவாரண நிர்வாகம் 1922 ஓகத்து மாதமளவில் நாள்தோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு உணவளித்தது. அதன் தலைவர் ஹேர்பேர்ட் ஹூவர் கம்யூனிசத்தின் பரம வைரி. அதே ஆண்டின் இறுதியிலே, பஞ்சம் முற்றாகத் தீராத நிலையிற் சோவியத் அரசு தானியத்தை ஏற்றுமதி செய்ய முற்பட்டதும் வரலாறுதான். நம்மவர் பலர் இப்பகுதியை வாசிக்கும்போது பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவர், புரட்டலாகாது.

இரண்டாம் உலகப் போரிலே பழைய முற்றுகை திரும்பி வந்தது. ஜேர்மனி கைப்பற்றிய நாடுகளுக்கு உணவு செல்ல இடமளிக்க முடியாதென 1940 ஓகத்து 20ஆம் திகதி சேர்ச்சில் பாராளுமன்றத்திலே அறிவித்தார். தானியத்தின் பெரும்பகுதியை இறக்குமதியாற் பெற்றுவந்த கிரேக்க நாடு 1941 ஏப்ரலிலே ஆக்கிரமிக்கப்பட்டது. உள்ளே ஆக்கிரமிப்பாளரின் கொள்ளை. வெளியே பிரித்தானியக் கடற்படையின் காவல். 1941-42 மாரிகாலத்திலே அதென்ஸ் வீதிகளிற் பிணங்கள் கிடந்தன. ஆக்கிரமிப்புக் காலம் முழுவதிலும் பட்டினியால் இறந்தோர் மூன்று இலட்சம் வரை என மதிப்பிடுவர். நடுநிலை நாடாகிய துருக்கியிலிருந்து உணவு சுமந்து சென்ற குர்துலுஸ் என்ற பழைய கப்பல் 1942 சனவரியிலே மர்மராக் கடலில் மூழ்கியது.

1942 மே மாதத்திலே சிசெஸ்ரர் பிஷப் ஜோர்ஜ் பெல் தலைமையிற் பஞ்ச நிவாரணக் குழு இலண்டனில் அமைந்தது. நாடெங்கும் கிளைக் குழுக்கள் தோன்றின. ஒக்ஸ்போர்ட் குழு 1942 ஒக்டோபர் 5ஆம் திகதி பல்கலைக்கழகத் தேவாலயத்திலே முதன்முறை கூடியது. யூரிப்பிடிசின் நாடகங்களை மொழிபெயர்த்த கில்பேர்ட் மறே என்ற கிரேக்கப் பேராசிரியரும் அதிலே பங்கெடுத்தார். பழைய கிரேக்கத்தைக் கற்பித்து நிகழ்காலக் கிரேக்கத்தை மறந்துவிடாத புலமை அது. கனடாக் கோதுமை அதற்குச் சற்று முன்னரே சுவீடன் கப்பல்களில் மாதம் 15,000 தொன் வரை செல்லத் தொடங்கியிருந்தது. அது போதாது, பிற நாடுகளுக்கும் வழி திறக்கவேண்டும் என்பது குழுக்களின் கோரிக்கை. 1943 ஒக்டோபரில் ஒக்ஸ்போர்டிலே கொண்டாடப்பட்ட கிரேக்க வாரம் பத்தாயிரம் பவுணுக்கு மேல் திரட்டியது. இந்த ஒக்ஸ்போர்ட் குழுவே பின்னர் ஒக்ஸ்பாம் எனப் பெயர் பெற்றது.

அவ்வாண்டிலேயே வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர். அங்கே கப்பல்களை மறித்தது எதிரியின் ஆட்சியன்று. தானியம் ஏற்றக் கப்பல் ஒதுக்க மறுத்தது ஆளும் அரசின் போர் மந்திரிசபையே. 1943 நவம்பரிலே 44 நாடுகள் கூடி அமைத்த ஐக்கிய நாடுகள் நிவாரண நிர்வாகம் வங்காளத்துக்கு உதவவில்லை. இந்தியாவோ அதற்குப் பணம் கொடுக்கும் நாடுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

போரின்பின் இந்நிறுவனங்கள் நிலைபெற்றபோது, அவற்றின் வாயைக் கட்டியது பெரும்பாலும் சட்டமே. இங்கிலாந்தின் தரும சட்டம் 1601ஆம் ஆண்டு முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டத்திலே வேரூன்றியது. வறியோருக்கு உதவுதல் தருமம். அரசியல் நோக்கம் தருமமன்று. வரிச்சலுகை வேண்டுமாயின் இவ்வெல்லைக்குள் நிற்கவேண்டும். ஆகவே நிறுவனங்கள் 1963இல் அனர்த்த அவசரக் குழு ஒன்றை அமைத்துப் பணம் திரட்டுவதிலே ஒன்றுபட்டன. கண்டனப் பணிக்கென 1970இல் தரும நிலையமாகப் பதிவுபெறாத தனி இயக்கமொன்றை உருவாக்கின. 1919இலே சகோதரிகள் இருவரிடையே நேர்ந்த பிரிவு, இப்போது பதிவேட்டிலே எழுதப்பட்டுவிட்டது. 1991இல் தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிராக ஒக்ஸ்பாம் நடத்திய பிரசாரம் எல்லை கடந்ததென்று தரும ஆணையகம் கண்டித்தது. பசிக்குக் காரணம் வரட்சி என்றால் தடையில்லை. நிறவெறி என்றால் தடை.

ஒருங்கிணைப்பின் குறைபாடு முழுவதும் வெளிப்பட்ட இடம் கோமா. 1994 ஏப்ரல் முதல் யூலை வரை ருவாண்டாவிலே ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். கொலை நடந்துகொண்டிருந்தபோது ஐ.நா. பாதுகாப்புச் சபை அங்கிருந்த தன் படையைக் குறைக்கத் தீர்மானித்தது. கொலைகாரர் தோற்றபின், அவர்களும் அவர்கள் ஓட்டிவந்த மக்களுமாக ஏறத்தாழ எட்டரை இலட்சம் பேர் யூலையில் ஒருசில நாட்களுக்குள் சயர் நாட்டின் எல்லை நகராகிய கோமாவை அடைந்தனர். எரிமலைப் பாறை நிலம். மலகூடத்துக்கும் தோண்டமுடியாது, புதைகுழிக்கும் தோண்டமுடியாது. வாந்திபேதியும் வயிற்றுளைவும் ஒரு மாதத்துள் ஏறத்தாழ 50,000 பேரைக் கொன்றன. இனப்படுகொலைக்கு வராத தொலைக்காட்சிகள் வாந்திபேதிக்கு வந்தன. அவற்றோடு நூற்றுக்கு மேற்பட்ட தொண்டு நிறுவனங்களும் தத்தம் கொடிகளுடன் வந்திறங்கின. முகாம்களிலே உணவுப் பங்கீடு கொலை செய்த அதிகாரிகளின் கைகளிலேயே இருந்தது. எல்லையற்ற மருத்துவர் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அதனைப் பகிரங்கமாகச் சொல்லி நவம்பரிலே வெளியேறிற்று. ஏனையவை பெரும்பாலும் தங்கின. தங்கியோரை எளிதாகப் பழிக்கமுடியாது; முகாமிலிருந்த குழந்தை எவரையும் கொல்லவில்லை.

அதே ஆண்டிலே நடத்தைக் கோவையொன்று வெளியாயிற்று. 1996இல் வந்த கூட்டு மதிப்பீடு, அரசியல் நடவடிக்கைக்கு நிவாரணம் ஈடாகாதென்று தெளிவாக எழுதியது. 1997இலே தொடங்கிய ஸ்பியர் திட்டம் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு மலகூடம். இவ்வளவுகளால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் கூட்டு மதிப்பீட்டின் படிப்பினைகளிலே அளக்கக்கூடியவையே விரைந்து நடைமுறைக்கு வந்தன என்பது மனங்கொளத்தக்கது. அரசுகளை நோக்கிக் கூறப்பட்டவை அறிக்கையிலேயே தங்கிவிட்டன.

2008 செப்ரெம்பரிலே வன்னியை விட்டு நீங்குமாறு ஐ.நா. அமைப்புக்களுக்கும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் இலங்கை அரசு கட்டளையிட்டது. கிளிநொச்சியிலே ஐ.நா. அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு, போகவேண்டாமென்று மன்றாடினர். நிறுவனங்கள் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வாகனங்களிற் புறப்பட்டன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தங்கியது. பகிரங்கமாக அதிகம் பேசாத அந்த அமைப்புத்தான் 2009 பெப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரைக் கப்பலேற்றித் திருகோணமலைக்குக் கொண்டு சென்றது. கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்களோ வன்னியில் இறந்தோரின் தொகையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். அக்கணக்கு அப்போது வெளியிடப்படவில்லை. வெளியிட்டிருக்கவேண்டும் என்று ஐ.நா.வின் உள்ளக மீளாய்வுக் குழு எழுதியது 2012 நவம்பரிலே.