பெட்டியில் வந்த கார்

1957இல் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற பெயரில் ஒரு சின்னக் காரை விற்பனைக்கு விட்டது. இரண்டு பேர் உட்காரலாம். உலோகக் கதவு கிடையாது, நிரந்தரக் கூரை கிடையாது, எடை 500 கிலோவுக்குச் சற்று முன்பின். பூட்டி முடித்த காராக வாங்கினால் 1,036 பவுண். பாகங்களாகப் பெட்டிகளில் வாங்கிப்போய் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டால் 536 பவுண்தான். முழுக் காருக்கு அன்றைய பிரித்தானியாவில் கொள்வனவு வரி இருந்தது. உதிரிப் பாகங்களுக்கு இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி அதிகாரிகள் அதையும் முழுக் கார் என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை லோட்டஸ் பிரியர்களிடையே இன்றும் உலவுகிறது. வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டுமாம்.

அந்தக் கொள்வனவு வரியில் தொடங்கிய சிக்கல் இன்றுவரை தீரவில்லை. ஒரு பழைய செவன் முன்னால் நிற்கிறது. அசலா, போலியா? மற்றக் கார்களில் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத் தொழிற்சாலையிலிருந்து பதில் தேடலாம். செவன்களில் பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலை பூட்டவே இல்லை. பூட்டியவர் ஒரு வங்கி ஊழியராகவோ பல்கலைக்கழக மாணவராகவோ இருந்திருப்பார்; கையில் கிடைத்த ஆணியைப் போட்டிருப்பார், பிடித்த விளக்கை மாட்டியிருப்பார். அசல் கார்களே ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

இன்னொன்றும் உண்டு. செவனை வடிவமைத்த கொலின் சப்மன், வடக்கு இலண்டனின் ஹோர்ன்சியில் தகப்பனார் நடத்திய ஹோட்டலுக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயத்தில் தொழிலைத் தொடங்கியவர். அவர் பெரும்பாலான பாகங்களைப் பிறர் வண்டிகளிலிருந்தே எடுத்தார். குழாய்ச் சட்டமும் அதன்மேல் போர்த்திய அலுமினியத் தகடும்தான் லோட்டஸ். தொடக்கத்தில் எஞ்சின் போர்டின் 1172 சீசீ. சில கார்களில் பீஎம்சியின் 948 சீசீ. பின் அச்சு முதல் தொடரில் நேஷ் மெட்ரோபொலிட்டனுடையது, இரண்டாம் தொடரில் ஸ்டாண்டர்ட் காருடையது. சில கார்களின் ஸ்டியரிங் ரேக் மொரிஸ் மைனரிலிருந்து வந்தது. அந்த 948 சீசீ எஞ்சினும் மொரிஸ் மைனர் 1000இல் இருந்ததுதான். இலங்கை மலையகத்தில் மொரிஸ் மைனரில் கை வைத்த எந்தப் பழைய மெக்கானிக் பாஸுக்கும் செவனின் பானெட்டைத் திறந்து காட்டினால் பாதிக்கு மேல் தெரிந்த சாமானாகவே இருக்கும்.

அதனால் “ஒரிஜினல் எஞ்சின்” என்று விற்பவர் சொல்லும்போது அதில் அதிக பாரம் வைக்கக்கூடாது. பிரித்தானிய வாகனப் பதிவுத் துறையும் அப்படித்தான் கணக்குப் பார்த்தது. மாற்றிக் கட்டிய கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளக் குறைந்தது 8 புள்ளி வேண்டும் என்பது அங்கே பின்பற்றிய விதி. மாற்றப்படாத சேஸிக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சு, கியர் பெட்டித் தொகுதி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வண்டிக்குக் ‘கியூ’ என்ற எழுத்தில் எண் கொடுத்துவிடுவார்கள். அந்த எழுத்து விலையைக் கீழே இழுத்துவிடும்.

சரி, சேஸியைப் பிடித்துக்கொண்டால் போதுமா? செவனின் பயணம் அதையும் எளிதாக விடவில்லை. 1957 முதல் 1973 வரை நான்கு தொடர்களாக ஏறத்தாழ 2,500 கார்களை லோட்டஸ் விற்றது. 1973இல் பிரித்தானியா பெறுமதி சேர் வரிக்கு மாறியது. பெட்டியில் வாங்குவதன் ஆதாயம் போயிற்று. அதே ஆண்டு அந்தக் காரைச் செய்யும் உரிமையை, அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கிரஹாம் நியர்ன் வாங்கிக்கொண்டார். விரைவிலேயே மூன்றாம் தொடரின் வடிவத்துக்குத் திரும்பி அதையே தொடர்ந்து செய்தார். லோட்டஸுக்குச் சட்டம் செய்து கொடுத்த ஆர்ச் மோட்டர்ஸ் பட்டறையே கேட்டர்ஹாமுக்கும் செய்து கொடுத்தது. அதே பட்டறை, அதே வடிவம். மூக்கில் ஒட்டிய சின்னம் மட்டும் வேறு.

அதற்குப் பிறகு கிளை விட்டது. இங்கிலாந்தில் வெஸ்ட்ஃபீல்ட், நெதர்லாந்தில் டொங்கர்வோர்ட், தென்னாபிரிக்காவில் பேர்கின். 1996இல் ரொன் சாம்பியன் என்பவர் 250 பவுணில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று புத்தகமே எழுதினார். அதைப் பார்த்துக் கட்டிய வண்டிகள் உலகமெங்கும் ஓடுகின்றன. நம் பக்கத்து இந்தியாவில் சிங்காரா மோட்டர்ஸ் செய்த ரோட்ஸ்டருக்கும் இதே முகம்தான். அதன் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், கொன்டெசாவிலும் அம்பாசடரிலும் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்தது. 2013இல் கேட்டர்ஹாமே சுசுகியின் 660 சீசீ எஞ்சினைப் போட்டு ஒரு செவன் விட்டது. இவற்றில் எதையும் நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஒருவர் தன் கையால் கட்டிய வண்டியில் மதிப்புண்டு. அதன் மூக்கில் லோட்டஸ் சின்னத்தை ஒட்டி 1958 மாடல் என்று விற்கும்போதுதான் அது களவாகிறது.

இனி வண்டிக்குக் கிட்டப் போவோம். சேஸி எண் தகட்டின் எண்ணைப் படிப்பதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டைப் பார்க்க வேண்டும். தகட்டில் அறுபது வருஷ அழுக்கு; ரிவெட் மட்டும் நேற்று அடித்ததுபோல் பளபளக்கிறது என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்குகிறது. பக்கத்தில் காரணமில்லாத பழைய துளைகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். பிறகு மூக்கை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். முதல் தொடரின் மூக்கு அலுமினியம், கணீரென்று கேட்கும். இரண்டாம் தொடரில் அது ஃபைபர், சத்தம் மந்தமாக வரும். அடுத்து ஆசனத்தைத் தூக்கிவிட்டு டோர்ச் அடித்துக் குழாய்களை எண்ணுங்கள். இரண்டாம் தொடரில் செலவைக் குறைக்கச் சப்மன் சில குழாய்களை எடுத்துவிட்டார். ஆகவே முதல் தொடர் என்று சொல்லும் காரில் இரண்டாம் தொடரின் சட்டம் இருந்தால் யாரோ ஒருவர் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆர்ச் மோட்டர்ஸின் பழைய சட்டங்களில் மூட்டில் பெயிண்டை நீக்கிப் பார்த்தால் வெண்கலப் பற்றவைப்பின் மஞ்சள் தெரியும். ஒன்றிரண்டு மூட்டுகள் சாம்பல் நிற வெல்டிங்காக இருந்தால் பயப்படத் தேவையில்லை. இந்தக் கார்கள் பந்தயத்தில் அடிபட்டவை, ஒட்டுப்போட்டவை. சட்டம் முழுவதும் சாம்பலாக இருந்தால்தான் கேள்வி.

சட்டத்தையே மாற்றியிருந்தால்? இதற்கு மிகத் தெளிவான விடை லோட்டஸிலிருந்து வரவில்லை, ஒரு பென்ட்லியிலிருந்து வந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் லு மான்ஸ் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் வன்’ என்ற கார் ஒரு கோடி பவுணுக்கு விலைபேசப்பட்டது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் இது அசல் அல்ல என்று பின்வாங்கினார்கள். 1990இல் வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லு மான்ஸில் ஓடிய காலத்து உலோகம் அந்தக் காரில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. ஆனாலும் நீதிபதி ஒட்டன் அது உண்மையான ஓல்ட் நம்பர் வன்தான் என்று தீர்த்தார். பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிவந்தபோதும் கார் ஒரே காராக, இடையறாத வரலாற்றோடு வாழ்ந்திருக்கிறது. அதே பெயருக்கு உரிமை கோரும் வேறு காரும் இல்லை. இதுவே அவர் கண்ட நியாயம். எனக்கு இந்தத் தீர்ப்பு முழுச் சம்மதம். அசல் என்பது இரும்பைவிட அது வந்த வழியில்தான் இருக்கிறது. அந்த வழியைக் காட்டுவது காகிதம்: லோட்டஸ் தரும் சான்றிதழ், ஹிஸ்டோரிக் லோட்டஸ் ரெஜிஸ்டரின் பதிவேடு, ஒவ்வொரு சொந்தக்காரரின் ரசீது, பந்தயத்தில் எடுத்த படம்.

இலங்கையில் காகிதத்துக்கு முன்னால் நம்பர் பிளேட்டே பாதி கதையைச் சொல்லிவிடும். சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகன எண்களில் ஏறியது 1957இல், செவன் பிறந்த அதே ஆண்டில். அதற்கு முன்னைய வண்டிகளுக்கு ஆங்கில எழுத்துகள். ஆகவே அந்தக் காலத்தில் புதிதாக இங்கே வந்த செவன் என்று ஒருவர் காட்டும் காரில் ஸ்ரீக்கு முந்திய ஆங்கில எண் இருந்தால் அது வேறொரு வண்டியின் எண். இந்த எழுத்தை மலையகத்தில் யாரும் சாதாரணமாகப் படிப்பதில்லை. 1958 ஏப்ரலில் ஸ்ரீ எதிர்ப்பின்போது பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன், 1948இன் குடியுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குக் காகிதம் கேட்டு மலையகத் தமிழர்களான எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. காகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1934 முதல் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடந்திருக்கிறது. துரைமார் வைத்திருந்த பிரித்தானியக் கார்கள் இந்தத் தோட்ட வளைவுகளில் ஓடின. பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, 1977 வரை கார் இறக்குமதி இறுகிப்போனது. இருந்த வண்டிகளை நம் கராஜ்காரர்கள் டிங்கர் வேலை செய்து, கிடைத்த எஞ்சினைப் போட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். ஓல்ட் நம்பர் வன் தீர்ப்பின்படி பார்த்தால் அவை எல்லாம் அசலே. ஆனால் இதே நாட்டில்தான் துண்டு துண்டாக இறக்கிய வண்டியை வேறொன்றின் சேஸி எண்ணில் பூட்டி விற்கும் வேலையும் நடந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது, எண்ணை மாற்றும் ஆசையும் கூடவே ஏறியது.

நோட்டன் பிரிட்ஜிலோ மஸ்கெலியாவிலோ ஏதாவது ஒரு கொட்டகையில் படங்குக்குக் கீழே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் முன் சேஸி எண்ணையும் எண் தகட்டையும் ரிவெட்டோடு படம் எடுத்து வையுங்கள். சுரண்டவும் மேலே புட்டி பூசவும் விடாதீர்கள். எஞ்சின் மாற்றினால் ரசீதை வாங்கி, பதிவிலும் மாற்றுங்கள். தாத்தா காலத்துப் பதிவுச் சான்றிதழான சீஆர் புத்தகம் கறையான் அரித்துக் கிடந்தாலும் எறியாதீர்கள். வாங்கப்போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த எண்ணின் பழைய பதிவைக் கேட்டுப் பாருங்கள். வண்டியை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.