அமிலம் தொட்ட பல்

புன்னகையை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். உடல் குறித்த சொல்லாடல் தோல், கூந்தல், கருப்பை என்று விரிந்த பிறகும் பல் ஏனோ நம் கட்டுரைகளுக்குள் அதிகம் வரவில்லை. முன்பல்லில் பிசினை ஒட்டி, செதுக்கி, நீல ஒளியில் இறுக்கிச் சிரிப்பைத் 'திருத்தும்' பாண்டிங் இன்று சிறுநகரப் பல் மருத்துவர்களின் விளம்பரப் பலகை வரை வந்துவிட்டது. அதன் பூர்வீகத்தைத் தேடிப்போன நான் போய்ச் சேர்ந்தது ஏழைக் குழந்தைகளின் மருத்துவமனை ஒன்றின் வாசலில்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் 1917இல் திறக்கப்பட்டது ஈஸ்ட்மன் பல் மருந்தகம். பணம் கொடுத்தவர் கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். காமிரா முன்னால் நின்று சிரிக்க உலகத்தைப் பழக்கிய முதலாளி, வசதியற்ற பிள்ளைகளின் சொத்தைப் பல்லுக்கு வைத்தியசாலை கட்டினார் (மூலதனமும் தருமமும் ஒரே வாய்க்குள் என்று சொல்லிவிட்டு நகரலாம்). அங்கே பணிபுரிந்த மைக்கேல் புவோனகோர் 1955இல் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அதையே 85 சதவீதச் செறிவில் 30 விநாடி பல்லின் எனாமலில் வைத்துப் பார்த்தார். அக்ரிலிக் பிசின் பிடித்துக்கொண்டது. பழைய சுவரில் பூச்சு நிற்க வேண்டுமென்றால் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுகிறாரே, அந்த வேலைதான். அமிலம் எனாமலைக் கரைத்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குகிறது. பிசின் துளைக்குள் இறங்கி இறுகுகிறது.

அவருடைய கவலை சொத்தை. 1967இல் க்யூட்டோவுடன் சேர்ந்து, கடைவாய்ப் பல்லின் குழிகளைப் பிசினால் மூடினால் சொத்தை குறையும் என்று காட்டினார். கடைவாய்ப் பல்லை யாரும் ஃபோட்டோ எடுப்பதில்லை.

முன்பல்லின் கதை ஹாலிவுட்டில் நடந்தது. அங்கே 1930களில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர், பொய்ப்பல்லுக்குப் போடும் பொடியை வைத்து நடிகர்களின் பல்மேல் மெல்லிய ஓடுகளை ஒட்டினார். பால்பல் விழுகிற வயதிலிருந்த ஷெர்லி டெம்பிளுக்கும் ஒட்டினார்கள். திரையில் குழந்தைக்குப் பல் விழக்கூட அனுமதியில்லை! ஆனால் சாப்பிடும்போது கழற்றியாக வேண்டும். வேஷம் வேஷமாகவே இருந்தது. ராச்செஸ்டர் அமிலத்தோடு, அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் பணிபுரிந்த ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிசினும் சேர்ந்த பிறகுதான் அது உடலோடு ஒட்டிக்கொண்டது. பொதுச் சுகாதாரத்தின் கருவி ஸ்டுடியோவின் கைக்கு மாறியது இப்படித்தான்.

நிறமும் மாறியது. ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956இல் கொண்டுவந்த நிற அட்டவணையில் ஏ1 முதல் டி4 வரை 16 சாயல்கள். இருக்கிற பல்லுக்கு இணையான நிறம் தேடத்தான் அது. பிறகு ஏ1ஐயும் மிஞ்சிய 'ப்ளீச்' வெண்மைகள் வந்து சேர்ந்தன. ஒப்பிட வந்த அட்டவணை உத்தரவு போட ஆரம்பித்தது.

இதையெல்லாம் வெறும் மினுக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சிரிக்கும்போது கை தானாக வாயை மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் குடித்த நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு அது. 'எவ்வளவு தேச்சாலும் போகாது சார், தண்ணி அப்படி' என்பார்கள். பெண் பார்க்க வரும் இடத்தில் அந்தப் பழுப்புக்கு ஒரு விலை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் முளைத்த பற்களுக்கு அந்தத் தண்ணீரால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவர்களுக்கும் பாண்டிங்தான் சிபாரிசு. ஆனால் ஃப்ளூரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்குச் சுலபத்தில் கரையாது. வழக்கமான விநாடிக் கணக்கு போதாமல் மருத்துவர் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்திருக்கிறார், சிலசமயம் மேற்பரப்பை உரசுகிறார். ஒட்டிய பிசினில் சில வருஷத்தில் டீக்கறை ஏறும், ஓரம் பெயரும். மறுபடி போய் உட்கார வேண்டும், அதற்கும் தன் கைக்காசுதான்.