அடுத்த கோச் யாரு? – சென்னையின் எஃப்.சி. ரசிகர்களின் பத்து வருடப் பஞ்சாயத்து

சோழவரம் என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று ஏரி, இன்னொன்று கார் ரேஸ். உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் வருடா வருடம் ரேஸ் நடக்கும், மெட்ராஸே திரண்டு வரும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்ததும் அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. இன்று இந்தப் பக்கத்துப் பையன்கள் ஒரு பெரிய மேட்ச் பார்க்க வேண்டுமென்றால் செங்குன்றம் வழியாக பஸ் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் போய் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கி பெரியமேட்டுக்கு நடக்க வேண்டும். அங்கேதான் நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்.சி. விளையாடும் இடம்.

ஜெயித்துவிட்டுத் திரும்பும் ரயிலில் கோல் அடித்தவனைப் பற்றிப் பேசுவார்கள். தோற்றுவிட்டுத் திரும்பினால் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "கோச்சை மாத்தணும்!" சரி, மாற்றியாச்சு. அடுத்து யார்? வெளிநாட்டுக்காரரா, நம்மூர்க்காரரா? பெரிய பெயரா, உழைப்பாளியா? இந்தப் பஞ்சாயத்து 2014இல் கிளப் பிறந்த நாளிலிருந்து நடக்கிறது. உண்மையில் அது இந்தக் கிளப்பை விட ரொம்ப ரொம்பப் பழையது. அதனால் கொஞ்சம் பின்னாடி போவோம்.

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்லும் காலத்தில் அணியை நடத்தியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். தொழிலால் பள்ளி ஆசிரியர்! அவர் பயிற்சியில் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது. இந்திய அணி 1951 டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். ஜகார்த்தா இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது ரஹீமுக்கு ஏற்கெனவே புற்றுநோய். 1963இல் இறந்துபோனார். (2024இல் வந்த 'மைதான்' இந்திப் படம் இவரைப் பற்றியதுதான்.) அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு இந்தியக் கால்பந்து இன்னும் சரியான பதில் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

ஜகார்த்தா இறுதியில் கோல் அடித்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி. பிறகு அவரே கோச் ஆனார். கொல்கத்தாவில் கோச் என்றால் அது சாதாரண வேலை இல்லை, கிட்டத்தட்ட அரசியல் கட்சித் தலைவர் மாதிரி. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் பி.கே.வின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. மோகன் பகான் என்ன செய்தது தெரியுமா? அடுத்த வருடமே அதே பி.கே.வைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது! வியாபாரத்தில் போட்டிக் கம்பெனியின் மேனேஜரைத் தூக்குவது போலத்தான்.

அதை விடப் பெரிய கதை 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானம். ஒரு பக்கம் அமல் தத்தா, மோகன் பகான் கோச், 'டயமண்ட்' என்ற ஆட்ட அமைப்பை வைத்து ஊரையே பேச வைத்தவர். எதிர்ப் பக்கம் ஈஸ்ட் பெங்காலுக்கு மறுபடி பி.கே. மேட்சுக்கு முன் இரண்டு கோச்சுகளுக்கும் நடந்த வாய்ச்சண்டையே பாதி டிக்கெட்டை விற்றிருக்கும். வந்த கூட்டம் 1,31,000க்கும் மேல். பாய்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. டயமண்ட் உடைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஸ்கோர் அல்ல. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள் இரண்டு இந்தியக் கோச்சுகளின் மூளைச் சண்டையைப் பார்க்க வந்தார்கள். "இந்தியக் கோச் என்றால் கூட்டம் வராது" என்று பின்னாளில் சொன்னவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

2014இல் ஐ.எஸ்.எல். வந்தபோது கணக்கு வேறு. புது லீக், புது கிளப், டி.வி. பார்க்க ஆள் வேண்டும். அதனால் பெயர் வாங்கினார்கள். கோவாவுக்கு ஜிகோ. சென்னைக்கு மார்கோ மாடெராஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானின் தலைமுட்டு வாங்கிய அதே இத்தாலிக்காரர். காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது 'குட்வில்' வாங்குவது. ஆள் வேலை செய்வாரா என்பது பிறகு, பெயருக்கே ஒரு விலை. அதற்கு முன் பெரிய கோச் அனுபவம் இல்லாதவர், ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுப்பார் என்றபோது சந்தேகப்பட்டவர்கள் நிறைய. ஆனால் முதல் வருடமே லீக் பட்டியலில் சென்னை முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0-3, இங்கே கூடுதல் நேரம் வரை போய் 3-1. மொத்தத்தில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வெளியே.

2015 வேறு மாதிரி. பாதி சீசனுக்கு மேல் அணி கீழே கிடந்தது. கோச்சை அனுப்பு என்ற குரல் நன்றாகவே கேட்டது. அதன் பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று உள்ளே வந்தார்கள். அதே சமயம் ஊரில் வெள்ளம். செம்பரம்பாக்கம், புழல், சோழவரம் என்று ஏரியெல்லாம் ததும்பிய அந்த டிசம்பரில் யாருக்கு மேட்ச் ஞாபகம்? சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த மைதானம் இல்லாமலே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி. 87வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. முடிந்தது கதை என்று எழுந்தவர்கள் எத்தனை பேரோ! 90வது நிமிடத்தில் கோவா கோல் கீப்பர் கட்டிமணியின் சேம் சைடு கோல். இரண்டு நிமிடம் கழித்து மென்டோசா. 3-2. கப் சென்னைக்கு. மாடெராஸியை அனுப்பச் சொன்னவர்களே அவருக்கு ஜே போட்டார்கள். 2016இல் ஏழாவது இடம், 2017 மார்ச்சில் அவர் போய்விட்டார். ஜேவும் போனது.

அடுத்து வந்தவர் ஜான் கிரெகரி, ஆஸ்டன் வில்லாவின் பழைய மேனேஜர். மாடெராஸி அளவுக்குப் பெயர் இல்லை, வயதும் அறுபதைத் தாண்டியது. 'ரிட்டயர்மென்ட் வேலைக்கு வந்திருக்கார்' என்று நினைத்தவர்களுக்கு 2017-18 சீசன் பதில். கோவாவுடன் அரையிறுதி, இங்கே 3-0. அதில் ஒரு கோல் தனபால் கணேஷ் தலையால் அடித்தது. வியாசர்பாடிப் பையன்! வடசென்னைக்கு அதை விட என்ன வேண்டும்? 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று வென்று இரண்டாவது கப்.

இங்கிருந்துதான் விவாதம் சூடு பிடிக்கிறது. அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். நடப்புச் சாம்பியன் கடைசி இடம்! கேப்டன் செரேனோ போய்விட்டார், தனபால் கணேஷ் காயத்தால் சீசன் முழுக்க இல்லை என்று காரணம் சொல்லலாம். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கப் வாங்கிக் கொடுத்தவருக்கு இன்னொரு வருடம் கொடுப்பதுதான் நியாயம் என்பது ஒரு கட்சி. பழைய லாபத்தைக் காட்டி இந்த வருட நஷ்டத்தை மறைக்க முடியாது என்பது மற்றது.

முதல் கட்சிக்குப் பிடித்த உதாரணம் அலெக்ஸ் ஃபெர்குசன். 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களே பேனர் பிடித்தார்கள். கிளப் அனுப்பவில்லை. 1990இல் எஃப்.ஏ. கோப்பை, பிறகு 13 லீக் பட்டங்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் பொறுமை காட்டி மோசம் போன கிளப்புகளின் கதையை யாரும் உதாரணமாகச் சொல்வதில்லையே! சென்னையும் பொறுமை காட்டியது. 2019-20இல் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. நவம்பர் கடைசியில் கிரெகரி விலகினார்.

வந்தவர் ஓவன் கோய்ல். பர்ன்லியை 2009இல் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர். அதே வீரர்கள், அதே மைதானம். ஆனால் அணி நான்காவது இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டி இறுதிக்கே போனது. 2020 மார்ச் 14, கொரோனாவால் காலி மைதானம், ஏ.டி.கே.விடம் 1-3 தோல்வி. அப்படியென்றால் கோச் மாற்றினால் எல்லாம் மாறும் என்று சொன்னவர்கள் சரியா? சரிதான் போலிருக்கிறது என்று எல்லோரும் நம்பியதுதான் வினை. கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். இங்கே சாபா லாஸ்லோ வந்தார், எட்டாமிடம். போஸிதர் பாண்டோவிச் வந்தார், கோவாவிடம் 0-5 தோற்றதும் 2022 பிப்ரவரியில் போனார். தாமஸ் பிர்தாரிச் வந்தார், மறுபடி எட்டாமிடம். ஒவ்வொருவரும் வரும்போது விமான நிலைய போட்டோ, மாலை. போகும்போது ஒரு நாலு வரி அறிக்கை.

இந்த வரிசையில் ஒரு பெயரைப் பலர் கவனிப்பதில்லை. சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர், சென்னைக் கால்பந்தை உள்ளங்கை போல அறிந்தவர். வெளிநாட்டுக் கோச்சுகள் வந்து போக, இவர் உதவிப் பயிற்சியாளராகவே இருந்தார். பாண்டோவிச் போனபோது மிச்ச சீசனுக்கு இடைக்காலப் பொறுப்பு. சீசன் முடிந்தது, நாற்காலி பிர்தாரிச்சுக்கு. "ஏன் பாஷா இல்லை?" என்று கேட்டவர்கள் அப்போது சிறுபான்மை. கல்லாவை நம்பிக் கொடுக்கலாம், கடையைக் கொடுக்க மாட்டோம் என்ற மாதிரி இருக்கிறது இது. பிறகு அவர் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கே தொழில்நுட்ப இயக்குநர் ஆனார். சம்மேளனம் பார்த்த தகுதி உள்ளூர்க் கிளப்புக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் தைரியம் வரவில்லையா?

பக்கத்திலேயே இன்னொரு பாடமும் நடந்தது. சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19இல், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலை விட ஒன்றே ஒன்று அதிகம். கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். ஐரோப்பியப் பெயரும் இல்லை, உலகக் கோப்பையும் இல்லை. சென்னையில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரிந்திருக்கும் என்பது சந்தேகமே.

ரசிகர்களுக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்டால்... ஒன்றுமில்லை. பார்சிலோனா, ரியல் மாட்ரிட் கிளப்புகளில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தலைவர்தான் கோச்சை வைக்கிறார், சரியில்லையென்றால் அடுத்த தேர்தலில் கேட்கலாம். இங்கே சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் புளூஸும் தொண்டை கிழியக் கத்தலாம், பேனர் பிடிக்கலாம். ஓட்டு கிடையாது. காலி நாற்காலி ஒன்றுதான் ஓட்டு. ஆனால் அதைப் போட்டால் தண்டனை கோச்சுக்கு மட்டுமா? ஆடும் பையனுக்கும்தான்.

2023இல் கோய்லையே திரும்பக் கூப்பிட்டார்கள். பழைய காதல் மாதிரி :-) முதல் வருடம் ஆறாமிடம், பிளே-ஆஃப். இரண்டாவது வருடம் 13 அணிகளில் பதினொன்றாம் இடம். 2025இல் அவரும் கிளம்பினார். ரசிகர்கள் வழக்கம்போலப் பெயர்ப் பட்டியலோடு தயார். ஆனால் இந்த முறை பட்டியலுக்கு வேலையே இல்லாமல் போனது. லீகை நடத்திய நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் நிலை, புதுப்பிப்பு இல்லை, சீசன் எப்போது என்றே தெரியவில்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. "அடுத்த கோச் யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "அடுத்து டீம் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, ஜெர்சி துவைப்பவர் முதல் பஸ் ஓட்டுபவர் வரை சம்பளம் இதில்தான்.

அதே ஆகஸ்டில் இந்திய அணிக்கு காலித் ஜமீல் கோச் ஆனார். 2012க்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். 2016-17இல் சின்னஞ்சிறு ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர், 2021இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் ஐ.எஸ்.எல்.லின் முதல் முழுநேர இந்தியத் தலைமைக் கோச்.

அக்டோபரில் சென்னையும் தன் முடிவைச் சொன்னது. கிளிஃபோர்ட் மிராண்டா. கோவாக்காரர், டெம்போ அணியின் பழைய நடுக்கள ஆட்டக்காரர், 2023 சூப்பர் கோப்பையை ஒடிசாவுக்கு வாங்கிக் கொடுத்தவர். அதுவும் இடைக்காலக் கோச்சாக! பதினோரு வருடத்தில் முதல்முறையாக முழுப் பொறுப்பு ஒரு இந்தியரிடம். நம்பிக்கையால் கொடுத்தார்களா, வெளிநாட்டுச் சம்பளத்துக்குக் காசு இல்லாததால் கொடுத்தார்களா என்ற புதுப் பஞ்சாயத்து அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அவருக்குக் கிடைத்த முதல் வேலை கோவாவில் சூப்பர் கோப்பை. ஒரே பிரிவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டும்.