நூறு வீதமும் எட்டுப் பிள்ளைகளும்

பத்திரிகை மேசையில் நான் இருந்த காலத்தில், பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரம் எங்களுக்குத் திருவிழா. 'நூறு வீதச் சித்தி' என்று நான் தலைப்பிட்டு வெளியிட்ட செய்திகளுக்குக் கணக்கில்லை. ஒரு முறை, பட்டியலின் அடியில் கிடந்த வலிகாமத்துச் சிறு பாடசாலையொன்றின் அதிபர் சைக்கிளில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, எங்களுக்கு 62.5 வீதம் எண்டு போட்டிருக்கிறியள். சரிதான். தோற்றினது எட்டுப் பிள்ளையள் எண்டதையும் போட்டிருக்கலாமே" என்றார். எட்டுப் பேரில் ஐவர் சித்தி. ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல். அது வராதிருந்தால் 75 வீதம்!

அந்தக் கேள்வி பின்னாளில் பண்டத்தரிப்புப் பகுதியின் கல்வி வரலாற்றைப் படித்தபோது மீண்டும் நினைவுக்கு வந்தது. பண்டங்கள் தரித்த இடமாதலால் அப்பெயர் வந்தது என்று ஊரவர் சொல்வர். அங்கே பண்டங்களைக் காட்டிலும் பிள்ளைகளே அதிகம் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்து இங்கு ஊழியஞ் செய்த பல்தேயு பாதிரியார், 1672இல் வெளியான தமது நூலில் குடாநாட்டுக் கோயிற்பற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேவாலயம், அதனையொட்டிய பாடசாலை, அங்கு வந்த பிள்ளைகளின் தொகை என எழுதிச் செல்கிறார். பண்டத்தரிப்பும் அவ்வரிசையில் உண்டு. அக்காலத்துப் பாடசாலைத் தோம்பு வெறும் வரவு இடாப்பன்று. ஞானஸ்நானமும் விவாகமும் அதிலேயே பதியப்பட்டன. உபாத்தியாயரே ஊரின் பதிவுகாரர். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் உண்டு. ஆகவே, பாதிரியாரின் தொகைகளைக் கண்டு அன்றே நம்மவர் கல்வியில் ஓங்கியிருந்தனர் என்று பூரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்கள் அளந்தது கல்வியையன்று, அரசுக்கு அடங்கியிருந்தோரை.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் தங்கிப் பணி தொடங்கினார். வைத்தியத்தோடு பாடசாலைகளும் வந்தன. மிஷன் நிலையங்களில் விடுதியோடு கூடிய பாடசாலைகளும், சுற்றுக் கிராமங்களில் இலவசத் தமிழ்ப் பாடசாலைகளும் நடந்தன. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தோன்றியதும் இப்பாடசாலைகளில் தேறிய பிள்ளைகள் அங்கே சென்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியில் பயின்றவர்கள் என்பதை யாழ்ப்பாணத்தார் இன்றும் பெருமையோடு சொல்வர். கெட்டிக்காரப் பிள்ளையை அனுப்பிவிட்டு எஞ்சியோரோடு நின்ற கிராமத்து உபாத்தியாயரை எவரும் நினைவுகூர்வதில்லை.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின், அரசின் உதவி நன்கொடை பெறுபேற்றின்படி வழங்கப்பட்டது. எத்தனை பிள்ளை வந்தது, எத்தனை பிள்ளை தேறியது என்பதைப் பார்த்தே பணம். பரிசோதகர் வரும் நாளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாடசாலைக்கு நட்டம். என்னைத் தேடி வந்த அதிபரின் முறைப்பாடு நூறு ஆண்டுக்கு மேற்பட்டது!

நாவலர் வழியில் சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியபின் அவை ஊர்கள்தோறும் பெருகின. இந்த ஏற்றத்தை எழுதுவோர் பலர், இடாப்பில் யாருடைய பெயர் இல்லை என்பதை எழுதாமல் விட்டுவிடுகின்றனர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல இடங்களில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடத்திலும் தரையில் இருத்தப்பட்டனர். சம ஆசனம் வழங்கவேண்டுமென 1929இல் பணிப்பு வந்தபோது குடாநாட்டில் எதிர்ப்பு மூண்டது. 1930இல் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பெற்ற பெறுபேற்றை எந்த வீதத்தில் சேர்ப்பது?

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. பிறகு யுத்தம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடிழந்து அயற்கிராமங்களுக்கு வர, சில பாடசாலைகளின் இடாப்புகள் திடீரெனப் பருத்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே காலியானது. மறு ஆண்டு திரும்பியோர் பலர். வன்னிக்கும் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் திரும்பவில்லை. 1981இல் இன்றைய யாழ். மாவட்ட எல்லைக்குள் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் இருந்த 9 நாடாளுமன்ற ஆசனங்கள் 2024இல் 6 ஆயின. ஆசனம் குறைந்ததற்கு அரசியல்வாதிகள் அறிக்கை விட்டனர். வகுப்பில் வாங்குகள் வெறுமையானதற்கு யார் அறிக்கை விடுவது?

இருக்கின்ற பிள்ளைகளிலும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி பெறுவோர் நகரத்துப் பெரிய பாடசாலைகளை நாடுகின்றனர். பெற்றோரைக் குறைகூற நான் துணியேன். என் பிள்ளைகளையும் அவ்வாறே அனுப்பினேன். ஆனால் ஆறாந்தரம் முதல் பதினோராந்தரம் வரை எஞ்சிய பிள்ளைகளைக் கைபிடித்துச் செல்லும் கிராமத்துப் பாடசாலையை, அது அனுப்பிவைத்த பிள்ளைகளாலேயே உயர்ந்த நகரப் பாடசாலையோடு ஒரே பட்டியலில் நிறுத்துகிறோம்.

அந்த அதிபரின் பாடசாலைக்கு ஒரு நாள் சென்றேன். தேநீர் வருமுன்னே சேர்விடாப்பை விரித்து வைத்தார். விலகிய காரணம் எழுதும் நிரலில் 'இடப்பெயர்வு' என்று ஒரு முழுப்பக்கம். முதல் வரியில் எழுதி, கீழே எல்லாவற்றுக்கும் மேற்படி, மேற்படி. அடுத்த பக்கங்களில் 'வெளிநாடு'. பிந்திய பக்கங்களில் 'வேறு பாடசாலை'. ஓரிடத்தில் காரணமே எழுதப்படவில்லை. கேட்டேன். "அதை எழுதுற மனம் எனக்கு வரேல்லை" என்றார்.

அடுத்த ஆண்டு முதல், தோற்றியோர் தொகையையும் சேர்த்தே பெறுபேறுகளை அச்சிட்டோம். பட்டியல் கால் பத்தி நீண்டது. விளம்பரப் பகுதியினர் சில நாள் முணுமுணுத்தனர்.