மன்னாரின் பெயரறியா வேதசாட்சிப் பெண்கள்

வேதசாட்சி என்றவுடன் உரோமாபுரியின் அக்னேசம்மாளும் சிசிலியம்மாளும் நினைவில் எழுவர். ஈழத்தின் வடமேற்குக் கரையிலும் அத்தகைய பெண்கள் வாழ்ந்தனர்; அவர்தம் பெயர்களை வரலாறு பேணவில்லை.

1544இல் மன்னார்த்தீவினர், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். இது போர்த்துக்கேயர் ஆதிக்கத்திற்கு வழிகோலும் என அஞ்சிய யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, அவர்களைத் தண்டிக்க முற்பட்டான். விசுவாசத்தைக் கைவிட மறுத்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 600க்கு மேற்பட்டோர் வெட்டுண்டனர் என்பது திருச்சபை மரபு.

மன்னனின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். எனினும், மடிந்த பெண்கள் ஆட்சி எதனையும் நாடியவரல்லர். சின்னாட்களுக்கு முன் ஏற்ற விசுவாசத்திற்காகவே உயிர் ஈந்தனர். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகள் ஆலயம் அவர்களை நினைவுகூர்கிறது. பெயரின்மை அவர்தம் சாட்சியத்தின் குறையன்று. வரலாற்றேடுகளின் குறையே ஆகும்.