நிலநடுக்கமும் நிலா நடுக்கமும்

2004 டிசெம்பர் 26 காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலம் பிளந்தது. சில நிமிடங்களில் அதன் அதிர்வைக் கண்டிக்கு அருகேயுள்ள பல்லேகலை நிலநடுக்கமானி பதிவு செய்தது. ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அவ்விடைவேளையில் மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ எச்சரிக்கை எட்டவில்லை. பதிவுக்கும் அறிவுக்குமுள்ள இவ்விடைவெளி நம் சிந்தனைக்குரியது. நிலநடுக்க ஆய்வு புவியைக் கடந்து சென்ற வரலாற்றிலும் இதனைக் காணலாம்.

1969இல் அப்பலோ 11 விண்வெளி வீரர் சந்திரனில் முதலாவது நிலநடுக்கமானியை வைத்தனர். பின்வந்த பயணங்கள் நிறுவிய நான்கு நிலையங்கள் 1977 வரை பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிந்தன. நீரற்ற, நொறுங்கிய மேலோட்டில் அதிர்வு எளிதில் அடங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடித்ததுண்டு. செலவு கருதி அந்நிலையங்கள் நிறுத்தப்பட்டன. எனினும், 2011இல் அப்பழைய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தோர் சந்திரனின் மையக்கருவுக்குச் சான்று கண்டனர். செவ்வாயில் இன்சைட் விண்கலம் 2018 முதல் 2022 வரை 1,300க்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிந்தது. 2023 ஓகஸ்டில், விழுப்புரத்தவரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான் 3, நாற்பத்தாறு ஆண்டுகளின் பின் சந்திர நிலத்தின் அதிர்வை மீண்டும் அளந்தது.

இவை காத்திருக்கக்கூடிய பதிவுகள். 34 ஆண்டுகள் கழித்துப் படித்தபோதும் சந்திரனின் பதிவு பயன் தந்தது. திருகோணமலைக்கு இருந்ததோ இரண்டு மணி நேரமே. 2004இன் பின் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பொன்று உருவாயிற்று. அது கருவிகளால் மட்டும் நிறைவுறாது. கருவியின் செய்தி மீனவர் குடிசை வரை உரிய வேளையிற் செல்லும் வழியும் அதன் உறுப்பேயாம்.